செகண்ட் லைன் என்றால் என்ன? சிறு தொண்டு நிறுவனங்களில் அடுத்த தலைவர்களை வளர்ப்பது பற்றி

வங்கி ஓடிபி நிறுவனரின் ஃபோனுக்கு மட்டும்தான் வரும். செக் புத்தகம் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியைக்கும் வார்டு கவுன்சிலருக்கும் அவர் முகம்தான் தெரியும். நன்கொடையாளர் ஏதாவது கேட்டால், அலுவலகத்தில் இருப்பவர் "அம்மா வந்ததும் சொல்றோம் சார்" என்பார். சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர், எண்ணூர் என்று எங்கே போனாலும், பத்துப் பதினைந்து பேர் சம்பளம் வாங்கும் சிறு தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. அந்த அம்மா ஒரு ஆபரேஷனுக்காக மூன்று வாரம் படுத்துவிட்டால் முதலில் நிற்பது சம்பளம். அடுத்தது நன்கொடையாளருக்குப் போக வேண்டிய ரிப்போர்ட். அதற்கும் பிறகு, மாலை நேர டியூஷன் மையம் ஒன்று பூட்டியே கிடக்கும். அதைக் கேட்க ஆள் இருக்காது.

இந்த நிலை வராமல் இருக்கச் செய்யும் ஏற்பாட்டைத்தான் தொண்டு நிறுவனக்காரர்கள் "செகண்ட் லைன்" என்கிறார்கள். இரண்டாம் வரிசை. நிறுவனர் ஊரில் இல்லாவிட்டாலும் முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பதில் சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேரைத் திட்டமிட்டு வளர்ப்பது. இதை வாரிசு தேடுவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வாரிசு என்றால் ஒருவர், நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பவர். செகண்ட் லைனில் இருப்பவர்கள் இன்றைக்கே, நிறுவனர் பக்கத்து அறையில் இருக்கும்போதே, தங்கள் எல்லைக்குள் முடிவெடுப்பவர்கள்.

வேலையைக் கொடுப்பது வேறு, முடிவைக் கொடுப்பது வேறு

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. "நான் எல்லா வேலையையும் அவங்ககிட்ட கொடுத்துட்டேனே" என்று சொல்லும் நிறுவனர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வேலை கை மாறியிருக்கும், முடிவு மாறியிருக்காது. ஒருங்கிணைப்பாளர் பெண்மணி மூன்று மையங்களுக்கும் ஓடுவார், வருகைப் பதிவேடு பார்ப்பார், போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவார். ஒரு டியூட்டர் வேலையை விட்டுப் போனால் புது டியூட்டரை வைக்கலாமா, எவ்வளவு சம்பளம் என்பதற்கு மட்டும் போனை எடுப்பார். இப்படி ஐந்து வருடம் ஓடினாலும் அவர் ஐந்து வருட அனுபவமுள்ள உதவியாளராகத்தான் இருப்பார். முடிவெடுத்து, அது தப்பாகிப் போய், அதைச் சரிசெய்த அனுபவம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பயிற்சிகளும் இந்த இடத்தில் பெரிதாக உதவுவதில்லை. இரண்டு நாள் ஹோட்டல் அரங்கில் நடக்கும் தலைமைப் பண்புப் பயிற்சியால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் திங்கட்கிழமை திரும்பி வந்ததும் 300 ரூபாய் ஆட்டோ பில்லுக்குக் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டியிருந்தால் அந்தப் பயிற்சி மதியத்துக்குள் கரைந்துவிடும். 70-20-10 என்று ஒரு கணக்கு மனிதவளத் துறையில் பேசப்படும்: கற்பதில் எழுபது பங்கு வேலையில், இருபது பங்கு மற்றவர்களிடமிருந்து, பத்து பங்கு வகுப்பில். அந்த எண்களை யாரும் தராசில் நிறுத்துப் பார்த்துச் சொல்லவில்லை, கைக்கணக்குதான். ஆனால் எந்தப் பக்கம் கனம் என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

ஐந்து படிகள்

ஒரு முடிவை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. படிப்படியாக இறக்க வேண்டும். நடைமுறையில் ஐந்து படிகள் போதும். ஒவ்வொன்றையும் நிறுவனர் வாயில் வரும் வாக்கியமாகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: "பார்த்துட்டு வந்து சொல்லுங்க." தகவல் மட்டும்.
இரண்டாம் படி: "என்ன செய்யலாம்னு நீங்க சொல்லுங்க, நான் முடிவு பண்றேன்."
மூன்றாம் படி: "நீங்க முடிவு பண்ணுங்க, செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை."
நான்காம் படி: "செஞ்சுட்டுச் சொல்லுங்க."
ஐந்தாம் படி: "சொல்லவே வேணாம். மாத ரிப்போர்ட்ல வந்தா போதும்."

இந்தப் படிகள் ஆளுக்கு இல்லை, முடிவுக்கு. ஒரே ஒருங்கிணைப்பாளர் டியூஷன் நேரத்தை மாற்றுவதில் ஐந்தாம் படியிலும், டியூட்டரை வேலைக்கு எடுப்பதில் மூன்றாம் படியிலும், நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதுவதில் இரண்டாம் படியிலும் இருக்கலாம். "அவங்க ரெடியா, இல்லையா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த முடிவுக்கு ரெடி என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில். "நீங்க முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வந்து சொன்னதும் "அது வேணாம், இப்படிப் பண்ணுங்க" என்று மாற்றினால், அது மூன்றாம் படி என்ற பெயரில் நடக்கும் இரண்டாம் படி. இரண்டு முறை இப்படி நடந்தால் போதும். மூன்றாவது முறை அந்தப் பெண்மணி தன் மூளையைச் செலவழிக்க மாட்டார், அம்மா மனசில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதில்தான் செலவழிப்பார். மூன்றாம் படியில் நிறுவனர் மாற்றச் சொல்லக்கூடிய காரணங்கள் மூன்றுதான்: சட்டம் மீறப்படுகிறது, குழந்தைக்கோ பெண்ணுக்கோ ஆபத்து, அல்லது திரும்ப எடுக்க முடியாத அளவு பணம். "நானா இருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேன்" என்பது காரணமாகாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், நிறுவனர் இரண்டு வாரத்துக்குச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். யாராவது வந்து "இதை என்ன பண்ணலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு வரி. இரண்டு வாரத்தில் ஐம்பது அறுபது வரி சேர்ந்தால் ஆச்சரியமில்லை. பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கேள்விகளாக இருக்கும்: லீவு, சின்னச் செலவு, நேர மாற்றம், விருந்தாளி வருகை, பொருள் வாங்குவது. அவைதான் முதலில் இறக்க வேண்டியவை. நோட்டு போடாமல் நினைவிலிருந்து பட்டியல் எழுதினால் பெரிய முடிவுகள் மட்டும்தான் வரும். ஒரு நாளைத் தின்பது சின்னவைதான்.

யாரை?

நன்றாக ஆங்கிலம் பேசுபவரை எடுப்பது சென்னையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நன்கொடையாளர் வரும்போது பேச ஆள் வேண்டும் என்ற நியாயமான தேவையிலிருந்து அது வருகிறது. எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களிலிருந்து எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படித்துவிட்டு வரும் இளைஞர்கள் நிறுவனங்களுக்குத் தேவைதான். ஆனால் அதே அலுவலகத்தில் பிளஸ் டூ முடித்து, பன்னிரண்டு வருடமாகக் களத்தில் இருக்கும் ஒரு பெண்ணைத் தெருவில் யாரும் "மேடம்" என்று கூப்பிட மாட்டார்கள், "அக்கா" என்பார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சண்டை என்றால் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். தலைமை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. விசிட்டிங் கார்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர்களைக் குறிப்பாகப் பாருங்கள். 12 முதல் 20 பேர் கொண்ட குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதி, வரவு செலவு படித்துக் காட்டி, வங்கி மேலாளரிடம் போய் நின்று, தவணை கட்டாத உறவுக்காரப் பெண்ணிடம் முகம் முறியாமல் பேசியவர்கள் அவர்கள். இது நிர்வாகப் பயிற்சி இல்லாமல் வேறென்ன? இந்த ஊருக்கு இது புதிய எண்ணமும் இல்லை. 1978ல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், தெருவோர வியாபாரிகள் போன்ற ஏழைப் பெண்களைக் குழுக்களாகத் திரட்டியபோது, அந்தப் பெண்களுக்குள்ளிருந்தே குழுத் தலைவிகளை எடுத்து வளர்த்தது.

அடையாளம் காண மூன்று விஷயம் கவனித்தால் போதும். பிரச்சினையோடு வரும்போது, ஒரு வழியையும் கூடவே கொண்டுவருகிறாரா? தன் மையத்தில் நடந்த தப்பைத் தானே முதலில் சொல்கிறாரா, அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறதா? கூட வேலை செய்பவர்கள், பதவி இல்லாவிட்டாலும், அவரிடம் போய் யோசனை கேட்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு நிறுவனருக்குப் பதில் தெரியாது. மதியச் சாப்பாட்டின்போது யார் டப்பாவைச் சுற்றி உட்காருகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று. ஒருவரை மட்டும் வளர்த்தால் மற்றவர்கள் அவரைச் "செல்லப் பிள்ளை" என்பார்கள். அவர் வேலையை விட்டுப் போனால் ஒன்றரை வருட உழைப்பும் கூடவே போகும்.

பணம் தெரியாமல் தலைமை இல்லை

நிறுவனர்கள் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பணத்தைத்தான். ஆகவே முதலில் விட வேண்டியதும் அதுவே. நம்பிக்கையின்மை எப்போதும் காரணமாக இருப்பதில்லை. ஃபீல்டு ஆட்களுக்குக் கணக்கு ஏன் என்ற பழக்கம்தான் பெரும்பாலும். விளைவு: மையத்தை நடத்துபவருக்கு மையம் நடத்த மாதம் எவ்வளவு ஆகிறது என்றே தெரியாது.

உதாரணத்துக்கு ஒரு டியூஷன் மையம். டியூட்டருக்கு மாதம் 6,000 ரூபாய். அறை வாடகை 4,000. 40 பிள்ளைகளுக்குச் சுண்டலோ வாழைப்பழமோ, தலைக்கு 12 ரூபாய், மாதம் 22 நாள்: 10,560 ரூபாய். ஆக ஒரு மையத்துக்கு 20,560. மூன்று மையத்துக்கு 61,680. வருடத்தில் பத்து மாதம் நடந்தால் 6,16,800 ரூபாய். இந்தக் கணக்கை ஆடிட்டரிடம் விடாமல் ஒருங்கிணைப்பாளரையே காகிதத்தில் போடச் சொல்லுங்கள். செலவில் பாதிக்கு மேல் சுண்டலுக்குப் போகிறது என்று அவர் தானாகக் கண்டுபிடிக்கும் நிமிடம் முக்கியமானது. அடுத்து ஒரு கேள்வி: கொண்டைக்கடலை விலை ஏறி, தலைக்கு 2 ரூபாய் கூடினால்? அவர் முதலில் "ரெண்டு ரூபாதானே" என்பார். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 52,800. ஒரு மையத்தின் இரண்டரை மாதச் செலவு. இனி அவர் சுண்டலா, பொரிகடலையா, வாரத்தில் மூன்று நாளா என்று தானே யோசிப்பார். அந்த யோசனைக்குப் பெயர்தான் பட்ஜெட் முடிவு.

பிறகு எல்லை வையுங்கள். எழுத்தில் வையுங்கள். ஒரு செலவுக்கு 2,000 ரூபாய்வரை, மாதம் மொத்தம் 8,000 வரை, யாரையும் கேட்க வேண்டாம், வவுச்சரும் பில்லும் வாரக் கடைசியில் கணக்காளரிடம் சேர வேண்டும் என்பதுபோல. ஆறு மாதம் சுத்தமாக ஓடினால் இரட்டிப்பாக்கலாம். தொகை நிறுவனத்தின் வசதிக்கு ஏற்ப மாறும். மாறக்கூடாதவை இரண்டு: செலவழிப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, எல்லை வாய்வார்த்தையாக இருக்கக்கூடாது. வாய்வார்த்தை எல்லை, முதல் சந்தேகம் வந்ததுமே "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஆகிவிடும். அடிபடுவது எப்போதும் கீழே இருப்பவர்தான்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனமானால் இன்னொரு பாடமும் சேரும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அந்தப் பணத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை விதித்தது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இதெல்லாம் ஆடிட்டர் வேலை என்று ஒதுக்கிவிட்டால், செகண்ட் லைனில் இருப்பவர் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம் பதிவுக்கே வினையாகலாம். வெள்ளத்தின்போது பக்கத்து நிறுவனத்துக்கு ஒரு லட்சம் மாற்றி உதவுவது மனிதாபிமானம்தான். எந்தக் கணக்கிலிருந்து என்பதில் இருக்கிறது சிக்கல்.

உறவைக் கை மாற்றுவது

பணத்தைவிட மெதுவாக மாறுவது அறிமுகம். பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். உங்கள் நிறுவனத்துக்கு அதில் ஒன்றிரண்டு வார்டுகள்தான் உலகம். அந்த உலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முக்கியம்: கவுன்சிலர், வார்டு உதவிப் பொறியாளர், பள்ளித் தலைமையாசிரியை, அங்கன்வாடி ஊழியர், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பகுதி அலுவலகம், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். இவர்கள் எல்லோருடைய நம்பரும் நிறுவனரின் ஃபோனில் இருக்கிறது.

நம்பரைக் கொடுத்துவிட்டால் உறவு மாறிவிடாது. மூன்று சந்திப்பு தேவை. முதல் முறை இருவரும் போகிறார்கள், நிறுவனர் பேசுகிறார், புதியவர் குறிப்பு எடுக்கிறார். இரண்டாம் முறை இருவரும் போகிறார்கள், புதியவர் பேசுகிறார். இதுதான் கஷ்டம், ஏனென்றால் அதிகாரி பழக்கத்தில் நிறுவனர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். நிறுவனர் அப்போது "அவங்கதான் இனிமே பார்க்கறாங்க சார், அவங்களே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை புதியவர் தனியாக, கையில் மனுவோடு. மனுவில் கையெழுத்தும் அவருடையது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், இப்படிப் பழகுவதற்கு நல்ல இடம். வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லி, மனு எண் வாங்கி வருவது எந்தப் பயிற்சி அரங்கிலும் கற்றுத் தர முடியாதது.

பதினைந்து நாளுக்கு ஒரு முக்கால் மணி நேரம்

முடிவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவது வளர்ப்பது ஆகாது, கைகழுவுவது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முன்கூட்டியே குறித்த நாளில், 45 நிமிடம் உட்கார வேண்டும். ப்ராஜெக்ட் நிலவரம் பேச வேறு மீட்டிங் இருக்கிறது, இது அதற்கில்லை. இதில் கேள்விகள் குறைவு: இந்தப் பதினைந்து நாளில் எடுத்த கடினமான முடிவு எது? அதை எடுக்கும்போது என்ன தெரியாமல் இருந்தது? அடுத்த முறை யாரிடம் முன்கூட்டியே பேசுவீர்கள்? பதில்களை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதட்டும், தமிழில். ஆறு மாதம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டினால் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்திருக்கிறார் என்று இருவருக்கும் தெரியும். தனியாக மதிப்பீட்டுப் படிவம் எதுவும் வேண்டாம்.

நிறுவனர் பேசும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் அந்த அமர்வு தோல்வி. கதை சொல்லும் ஆசை வரும். 2004 சுனாமியில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா என்று தொடங்கினால் முக்கால் மணியும் போய்விடும்.

ஒரு வருடம் எப்படிப் போகும்

முதல் மூன்று மாதம் சின்ன முடிவுகள்: லீவு, நேரம், சில்லறைச் செலவு, வாராந்திரக் கூட்டத்தை நடத்துவது. அடுத்த மூன்று மாதத்தில் ஒரு முழு மையத்தின் பட்ஜெட்டும் ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும் பொறுப்பும். ஆள் எடுப்பதில் முதல் தேர்வு சொதப்பும். பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுப் பெண்ணை எடுத்துவிட்டு, பிறகு வேலை வாங்க முடியாமல் தவிப்பார். அதையும் அவரே தீர்க்கட்டும். அடுத்த ஆறு மாதத்தில் வெளியுலகம்: நன்கொடையாளர் வருகையை முழுதாகக் கையாள்வது, ஒரு ப்ரொபோசலின் பட்ஜெட் பக்கத்தை எழுதுவது, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தன் ப்ராஜெக்ட்டைத் தானே சமர்ப்பித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது.

கடைசியாகச் சொன்னதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி பதிவான சங்கமானால், தொடங்கக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், அந்தக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதாவது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சட்டமே கதவைத் திறந்துவிடுகிறது. பழைய குழுவையே அப்படியே மீண்டும் தேர்ந்தெடுத்துக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் நாம்தான். டிரஸ்ட் ஆனால் விஷயம் வேறு. அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். பல பத்திரங்களில் நிறுவனர் ஆயுள்கால டிரஸ்டி, அவருக்குப் பிறகு குடும்பத்தார் என்று இருக்கும். பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்க்காமல் செகண்ட் லைன் பற்றிப் பேசத் தொடங்கினால், இரண்டு வருடம் உழைத்த ஒருவருக்கு மேலே ஏற இடமே இல்லை என்று பிறகு தெரியவரும். உடனே டிரஸ்டி ஆக்க முடியாவிட்டால், வாக்குரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளராகக் கூட்டத்தில் உட்கார வைக்கலாம். அதையும் மினிட்ஸில் எழுதுங்கள்.

எதில் கேட்கக்கூடாது

ஒரு விஷயத்தில் மட்டும் படிகளே கிடையாது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது என்றோ நடக்கலாம் என்றோ தெரிய வந்தால், 2012ன் போக்சோ சட்டம் அதைக் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு அது கூடுதல். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதற்கு இங்கே இடமில்லை. மையத்தில் இருப்பவரே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும், அதன் பிறகு நிறுவனரிடம். செகண்ட் லைன் தயாரிப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று யார் தயங்கச் சொன்னாலும், சொல்பவர் நிறுவனரே ஆனாலும், கேட்கத் தேவையில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கே கெடுகிறது

அடிக்கடி நடப்பது குறுக்கு வழி. ஒருங்கிணைப்பாளர் ஒரு டியூட்டருக்கு லீவு இல்லை என்கிறார். டியூட்டர் நேராக நிறுவனருக்குப் போன் போடுகிறார்: "அம்மா, அக்கா லீவு தரமாட்டேங்கறாங்க." அம்மாவுக்கு மனசு இளகிவிடுகிறது. "சரிம்மா, போய்ட்டு வா." அந்த ஒரு போனில் நான்கு மாத உழைப்பு முடிந்தது. மறுநாளிலிருந்து எல்லோரும் அம்மாவுக்குத்தான் போன் போடுவார்கள். அம்மா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "அக்காகிட்ட பேசும்மா." அக்கா எடுத்த முடிவு தப்பென்று தோன்றினாலும் அதைப் பதினைந்து நாள் அமர்வில், தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது பதவி மட்டும் கொடுப்பது. "புரோகிராம் மேனேஜர்" என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டு, சம்பளம் 16,000த்திலேயே நிற்கும். பொறுப்பு ஏறும்போது சம்பளமும் ஏற வேண்டும், சின்னத் தொகையானாலும். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் ஒரு வருட சிஎஸ்ஆர் ப்ராஜெக்ட் பணத்தில் ஓடும் நிறுவனங்களுக்கு இது உண்மையிலேயே கடினம். மார்ச் மாதம் ஒப்பந்தம் முடிந்து, புதுப் பணம் வர ஜூலை ஆகிவிட்டால் நடுவில் சம்பளம் எங்கிருந்து? நன்கொடையாளரிடம் ப்ரொபோசல் கொடுக்கும்போதே ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை அடிமட்டத்தில் போடாமல், பொறுப்புக்கேற்ற தொகையாகப் போடும் துணிச்சல் வேண்டும். கேட்காமலே குறைத்துக்கொள்வது இந்தத் துறையின் கெட்ட பழக்கங்களில் ஒன்று.

வளர்த்துவிட்டால் பெரிய நிறுவனம் தூக்கிக்கொண்டு போய்விடுமே என்ற பயமும் உண்டு. சிலர் போவார்கள். ஆனால் வளர்க்காமல் வைத்திருந்தால் போகாமல் இருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியே சொல்லாத தடை, நேரமும் பஸ்ஸும். முக்கிய முடிவுகளெல்லாம் மாலை ஆறரைக்கு மேல், டிரஸ்டிகள் தங்கள் வேலை முடிந்து வந்த பிறகு, நுங்கம்பாக்கத்திலோ அடையாறிலோ நடக்கும் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. நகரின் தெற்கு ஓரத்தில், பெரும்பாக்கத்தில் இருக்கும் பெண் அதில் எப்படி உட்காருவார்? வீட்டில் சமையல், பிள்ளை, திரும்பி வரும் பஸ். அவர் "இல்லீங்க, நீங்களே பேசிச் சொல்லுங்க" என்பார். அதை அவருக்கு ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்வார்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் ஏரியாவில் வையுங்கள். டிரஸ்டிகள் பஸ் ஏறட்டும். மொழியும் அதே வகைத் தடைதான்: ரிப்போர்ட்டை அவர் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்தவர் எழுதியதால் ரிப்போர்ட் அவருடையதாகவும், வேலை செய்தவர் வெறும் தகவல் கொடுத்தவராகவும் மாறுவது ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே இளம் மருத்துவராக வந்து சேர்ந்தவர் வி. சாந்தா. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து அதைக் கட்டியெழுப்பி, 1980ல் இயக்குநரானார். 25 வருடம். சிறு நிறுவனங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு களப்பணியாளர் ஒரு ப்ராஜெக்ட்டின் பெரும்பாலான முடிவுகளில் நான்காம் படிக்கு வர ஒன்றரை முதல் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் முடியும் என்று யாராவது ப்ரொபோசலில் எழுதினால் சந்தேகப்படுங்கள்.

சென்னையில் இதற்கு இயற்கையே தேர்வு வைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. அப்போது கேட்டுச் சொல்ல ஆளே கிடையாது. அதனால் அக்டோபர் பிறக்கும்போதே ஒரே ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு மையத்திலும் ஒட்டிவையுங்கள்: தொடர்பு அறுந்தால் இந்த மையத்தில் முடிவெடுப்பவர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்து யார், எவ்வளவு பணம்வரை செலவழிக்கலாம், அந்தப் பணம் ரொக்கமாக எங்கே இருக்கிறது, சாவி யாரிடம். ஏடிஎம் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

வெள்ளம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வருடத்தில் ஒரு முறை, சாதாரணமான ஒரு மாதத்தில், நிறுவனர் பத்து நாள் ஊருக்குப் போகட்டும். போனை அணைத்துவிடட்டும். போகும் முன் எல்லோரிடமும் ஒன்று மட்டும் சொல்லட்டும்: எனக்காக நிறுத்தி வைத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் மேஜை மேல் அந்தத் தாள் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயரையும் ஒரு படி எண்ணையும் எழுதினால், அடுத்த வருடத் திட்டம் தயார்.